தோல்வி காணாத ஏடு

49 சண்டைகள், 49 வெற்றிகள், தோல்வி, சுழி, சமநிலை, அதுவும் சுழி! குத்துச்சண்டை உலகிலே இந்தக் கணக்குக்கு இருக்கின்ற மதிப்பு, நம் நாட்டிலே கருவறைக்கு இருக்கின்ற மதிப்பு. எட்ட நின்று கும்பிடலாம். உள்ளே போய் விளக்கைத் தூக்கிப் பார்க்கலாகாது. பார்க்க முனைபவனைப் பொறாமைக்காரன் என்பார்கள், வீரத்தின் அருமை அறியாதவன் என்பார்கள். நான் விளக்கைத் தூக்கிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கணக்கு உண்மையானதாயின் அது வெளிச்சத்துக்கு அஞ்ச வேண்டியதில்லையன்றோ?

கணக்குக்கு உரியவர் ராக்கி மார்சியானோ. 1923 செப்டம்பர் 1-ஆம் நாள், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலே, காலணித் தொழிலுக்குப் பேர்போன பிராக்டன் நகரிலே, இத்தாலியிலிருந்து குடியேறிய தொழிலாளி ஒருவரின் வீட்டில் பிறந்தவர். மார்க்கெஜியானோ என்பது குடும்பப் பெயர். மேடையிலே அதைச் சொல்ல நா புரளாதவர்களுக்காக மார்சியானோ என்று சுருங்கிற்று. தந்தை காலணி ஆலையிலே தேய்ந்தார். மகன் அந்த ஆலைக்குள் தன் வாழ்நாளைப் புதைக்க மறுத்தார். 1952 செப்டம்பர் 23-இல் ஹெவிவெயிட் பிரிவின் உலகப் பட்டத்தைப் பெற்றார். ஆறு முறை அதைக் காத்தார். 1956 ஏப்ரல் 27-இல் தோல்வி காணாதவராகவே களம் விட்டு இறங்கினார். 49 வெற்றிகளிலே 43, எதிரியை முடிவு மணிக்கு முன்பே முடக்கிப் பெற்றவை. 1969 ஆகஸ்ட் 31-இல், 46-ஆம் பிறந்த நாளுக்கு முந்திய நாள், விமான விபத்திலே மாண்டார்.

பள்ளி ஆசிரியனுக்கும் குத்துச்சண்டைக்கும் என்ன உறவு என்று தோழர்கள் கேட்கலாம். 2021-இல் 'சார்பட்டா பரம்பரை' திரைப்படம் வந்தது முதல், எங்கள் பள்ளிப் பையன்களிடையே அந்தப் பேச்சு ஓயவில்லை. உலகிலேயே பெரிய வீரர் யார் என்று ஒருவன் கேட்டான். முகமது அலி என்றேன் நான். அருகிலிருந்த கணித ஆசிரியர், என்னிலும் பத்தாண்டு மூத்தவர், புன்னகைத்தார். "தம்பி, அலி ஐந்து முறை தோற்றவர். மார்சியானோ தோற்றதே இல்லை. எண் பொய் சொல்லாது" என்றார். "எண் பொய் சொல்லாது, அண்ணே, ஆனால் கேட்காத கேள்விக்கு வாயும் திறக்காது" என்றேன். அன்று தொடங்கிய வழக்கு, தேநீர் ஆறுகிற வரையில், மணி அடிக்கிற வரையில், பல மாதங்கள் எங்கள் ஆசிரியர் அறையிலே நடந்தது.

அவருடைய கட்சியைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. வலுவான கட்சி அது. ஆறடி உயரமும் இல்லாதவர். எடை ஏறத்தாழ 85 கிலோ. கை நீட்டம் 68 அங்குலம், ஹெவிவெயிட் பட்டம் பெற்றவர்களிலேயே மிகக் குட்டையான கை. ஒழுங்காகத் தொழிலில் இறங்கியது 1948-இல், 25 வயதை எட்டுகிற காலத்தில். காலை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் வந்தவரைச் சார்லி கோல்ட்மேன் என்ற பயிற்சியாளர் எடுத்துச் செதுக்கினார். குனிந்து உள்ளே புகு, எதிரியின் நீண்ட கைகளுக்குள்ளேயே நில், வலது கையை விடு என்று கற்றுக் கொடுத்தார். அப்படிப்பட்டவர், எதிரே நிறுத்தப்பட்ட ஒவ்வொருவரையும் வென்றார். நிறுத்தப்பட்டவரைத்தானே வெல்ல முடியும், நிறுத்தப்படாதவரை எப்படி வெல்வது என்று கேட்பார் நண்பர். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியின் உள்ளேயே என் கேள்வி ஒளிந்து கொண்டிருக்கிறது: நிறுத்தியவர் யார்?

தொடக்கக் காலத்துச் சண்டைகளை நான் விரித்துரைக்கப் போவதில்லை. ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரிலே, ஊருக்கு வெளியே பெயர் தெரியாதவர்களோடு நடந்தவை பெரும்பாலும். முதல் 16 பேர் நாக்-அவுட்டிலே வீழ்ந்தார்கள். எந்த வீரரும் அப்படித்தான் ஏணி ஏறுவார். அதிலே குறை காண்பது அற்பம். ஆயினும் 49 என்று கைதட்டும்போது அந்த 16-க்கும் சேர்த்துத்தான் தட்டுகிறோம் என்பதை மட்டும் குறித்துக் கொள்வோம்.

மேலே ஏறியபின் நடந்ததுதான் கவனிக்கத்தக்கது. 1949 முதல் அமெரிக்கக் குத்துச்சண்டையின் கடிவாளம் இன்டர்நேஷனல் பாக்சிங் கிளப் என்ற நிறுவனத்தின் கையிலே இருந்தது. யார் யாரோடு மோதுவது, எப்போது, எந்த அரங்கில் என்று இணை சேர்க்கும் வேலையை அந்த நிறுவனத்திலே பார்த்தவர் ஆல் வெயில். மார்சியானோவின் மேலாளர் யார்? அதே ஆல் வெயில்! இரண்டு பதவியும் ஒருவரிடம் இருப்பது தகாது என்று ஏட்டிலே மேலாளராக அவருடைய மாற்றாந்தந்தை உறவு மகனின் பெயர் போடப்பட்டது. வினாத்தாள் எழுதுபவர், தேர்வெழுதும் பிள்ளைக்கு வீட்டிலே தனிப்பாடம் சொல்லித் தருபவராகவும் இருந்தால், அந்தத் தேர்வின் மதிப்பெண்ணைப் பற்றி நம் கணித ஆசிரியர் என்ன சொல்வார்? கேட்டேன். தேநீரைக் குடித்தார்.

அந்த நிறுவனம் சட்டத்துக்கு முரணான முற்றுரிமை என்று 1959-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதன் பின்னே நின்ற பிராங்கி கார்போ என்ற குற்றக் கூட்டத்தான் 1961-இல் தண்டனை பெற்றான். மிடில்வெயிட் வீரர் ஜேக் லாமோட்டா, 1947-இல் தாம் வேண்டுமென்றே தோற்றதாக, 1960-இல் செனட் குழுவின் முன் வாக்குமூலமே தந்தார். மார்சியானோவின் சண்டை எதுவும் அப்படி விலை பேசப்பட்டதாக மெய்ப்பிக்கப்பட்டதில்லை; நான் அப்படிச் சொல்லவும் இல்லை. நான் சொல்வது இவ்வளவே: கையுறை அணிந்த கை எழுதிய கணக்கிலே, கையுறை அணியாத கைகளும் சில வரிகள் எழுதியிருக்கின்றன. கியூபா நாட்டு நினோ வால்டெஸ், 1953-இல் முன்னாள் சாம்பியன் எசார்ட் சார்ல்சைத் தோற்கடித்தார். மறு ஆண்டு மார்சியானோவோடு பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு வந்தது. யாருக்கு? தோற்ற சார்ல்சுக்கு, ஒருமுறையல்ல, இருமுறை. வென்ற வால்டெசுக்கு ஒருமுறையும் இல்லை.

இனி அந்த நான்கு பெரும் பெயர்களுக்கு வருவோம். மார்சியானோவின் புகழ் நிற்கின்ற நான்கு தூண்கள் அவை: ஜோ லூயி, ஜெர்சி ஜோ வால்காட், எசார்ட் சார்ல்ஸ், ஆர்ச்சி மூர். நால்வரும் உலகப் பட்டம் பெற்றவர்கள். நால்வரும் கருப்பினத்தவர். மார்சியானோவின் எதிரே வந்து நின்றபோது லூயிக்கு 37 வயது, வால்காட்டுக்கு 38, நூறு சண்டைக்கு மேல் கண்ட மூருக்குக் குறைந்தது 38. பிறந்தது 1916 என்று மூர் சொன்னார், 1913 என்று அவரைப் பெற்ற தாய் சொன்னார். தாயை நம்பினால் மூருக்கு 41! நால்வரிலே இளையவரான சார்ல்சுக்கு 32 என்றாலும், அதற்குள் ஏறத்தாழ நூறு சண்டைகள் அவர் உடலைத் தின்றிருந்தன.

ஜோ லூயியைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். 1937 முதல் 1949 வரை பட்டத்தை வைத்திருந்தவர். 25 முறை காத்தவர். இன்றளவும் எந்த ஹெவிவெயிட் வீரரும் எட்டாத எண்ணிக்கை. 1942-இல், போர்க்காலத்தில், இரண்டு சண்டைகளின் ஊதியத்தைக் கப்பற்படையின் நிவாரண நிதிக்கும் தரைப்படையின் நிவாரண நிதிக்கும் கொடுத்தார். அன்றைய அமெரிக்கக் கப்பற்படையிலே கருப்பின இளைஞன் சேர்ந்தால் அவனுக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? அதிகாரிகளுக்குச் சோறு பரிமாறுவது! அந்தப் படைக்குத்தான் அள்ளிக் கொடுத்தார் அவர். பிறகு அதே நாட்டின் வரித்துறை, ஐந்து இலட்சம் டாலருக்கு மேல் பாக்கி என்று ஓலை நீட்டிற்று. ஓய்வு பெற்றுவிட்ட மனிதர் கடன் அடைக்கக் களத்துக்குத் திரும்பினார். 1951 அக்டோபர் 26-ஆம் நாள் நியூயார்க்கிலே, எட்டாம் சுற்றிலே, மார்சியானோ அவரைக் கயிறுகளுக்கு வெளியே வீழ்த்தினார். வென்றவர் அன்று அழுதார். லூயி அவருக்கு இளமையிலே வீரத் திருவுருவாக இருந்தவர். மார்சியானோவின் மனத்தை நான் மதிப்பது இதுபோன்ற இடங்களில்தான். தம் கணக்கின் பெருமைமிக்க வரி எத்தகைய வரி என்பது, அதை மந்திரமாக ஓதுகின்ற அடியார்களைவிட, அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சுழி என்பது எத்தனை மெல்லிய நூலிலே தொங்கிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 1950 மார்ச் 24-இல் ரோலண்ட் லாஸ்டார்சாவோடு பத்துச் சுற்று. மதிப்பெண் இட்டவர் மூவர். ஒருவர் மார்சியானோவுக்கு, ஒருவர் லாஸ்டார்சாவுக்கு. மூன்றாமவர் சுற்றுக் கணக்கிலே இருவருக்கும் சமம் என்றார். துணைப் புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து மார்சியானோ என்று முடித்தார். அந்தக் கூட்டலிலே சில புள்ளி மாறியிருந்தால் 49-0 என்ற மந்திரமே பிறந்திராது. ஆனால் மார்சியானோ என்ற மனிதர் ஒரு மயிரளவும் மாறியிருக்க மாட்டார். அதே கை, அதே நெஞ்சு. பட்டம் பெற்ற அந்த 1952 இரவிலேயே, பிலடெல்பியாவில், முதற்சுற்றிலே வால்காட் அவரை வீழ்த்தினார். பன்னிரண்டு சுற்று முடிந்தபோது மூன்று நடுவரின் தாள்களிலும் வால்காட்டே முன்னணியில். பதின்மூன்றாம் சுற்றிலே பாய்ந்தது ஒரே ஒரு வலக்கைக் குத்து. வால்காட் கயிற்றிலே கை மாட்டியபடி மடிந்து சரிந்தார். 1954 செப்டம்பரிலே சார்ல்சோடு நடந்த இரண்டாம் சண்டையில், மூக்கு இரண்டாகப் பிளந்து குருதி நிற்காத நிலை. இனியும் விடலாமா என்று நிறுத்தியிருந்தால் அது தோல்வி. எட்டாம் சுற்றிலே சார்ல்சை முடித்தார்.

இங்கே நண்பர் துள்ளி எழுந்தார். "பார்த்தாயா தம்பி! அதுதான் வீரம்! வீழ்ந்தும் எழுந்தார், பிளந்தும் வென்றார். நீ சொல்வது என் கட்சிக்கே சாட்சி!" என்றார். ஆம், சாட்சிதான். அந்தப் பதின்மூன்றாம் சுற்று எந்த ஏட்டிலும் பொன்னெழுத்திலே பொறிக்கத் தக்கது. ஆனால் அண்ணே, அதை 49-0 என்ற எண் சொல்கிறதா? பிராவிடன்சில் பெயரறியா ஒருவரை முதற்சுற்றிலே வீழ்த்தியதும் அந்த ஏட்டிலே ஒன்று. பிலடெல்பியாவிலே சாவின் விளிம்பிலிருந்து திரும்பியதும் அதே ஒன்று. எண் இரண்டையும் ஒரே கூடையிலே கொட்டி எடை போடுகிறது. எண்ணைத் தொழுபவர்கள் மார்சியானோவை உயர்த்தவில்லை. அவர் செய்ததிலே உயர்ந்தது எதுவோ அதை மறைக்கிறார்கள்.

இன்னொன்று: சுழியைக் காத்தவை கைகள் மட்டுமல்ல, கால்களும். முப்பத்திரண்டு வயதிலே, முதுகு வலியோடும் மேலாளரோடு முற்றிய மனக்கசப்போடும், குடும்பத்தை நாடி அவர் நடந்து வெளியேறினார். 1959-இல் திரும்பி வரலாம் என்று ஆசை எழுந்து, சில வாரம் மறைவாகப் பயிற்சி செய்தும் பார்த்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். அறிவுடைய செயல். லூயிக்கு அந்த வசதியை வரித்துறை தரவில்லை. அலிக்கு அந்த அடக்கத்தை இயற்கை தரவில்லை. அலியின் ஐந்து தோல்விகளிலே கடைசி இரண்டும், 1980-இலும் 1981-இலும், நோய் தொட்டுவிட்ட உடலோடு ஏறியவை என்று இன்று பலரும் கருதுகிறார்கள். அலியின் ஏட்டிலே என்னைக் கவர்ந்த பகுதி எது என்று நண்பர் ஒருநாள் கேட்டார். வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை, ஒன்றுமே எழுதப்படாத மூன்றரை ஆண்டு என்றேன். 1967-இல் வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்று மறுத்ததற்காகப் பட்டம் பிடுங்கப்பட்டு, 1970 அக்டோபர் வரை களமே மறுக்கப்பட்ட காலம் அது. 25 வயது முதல் 28 வயது வரை, ஒரு வீரனின் உடல் உச்சத்திலே இருக்கிற காலம்! 1971-இல் உச்ச நீதிமன்றம் அவர் மீதான தண்டனையை நீக்கிற்று. ஆண்டுகளைத் திருப்பித் தர எந்த நீதிமன்றத்தால் முடியும்?

அந்த இடைவெளியிலே நடந்த கூத்து ஒன்று. 1969-இல், வேலையற்றிருந்த அலியையும், ஓய்வு பெற்றுப் பதின்மூன்று ஆண்டு கழிந்த மார்சியானோவையும் ஒரு கூடத்துக்குள் அழைத்துப் போய், பல முடிவுகளோடு பொய்ச்சண்டை போடவைத்துப் படம் பிடித்தார்கள். மார்சியானோ வழுக்கையை மறைக்கப் பொய்முடி அணிந்தார். இருவரின் பழைய கணக்குகளையும் ஒரு கணிப்பொறிக்குள் செலுத்தி, அது சொன்ன முடிவு என்று 1970 சனவரியில் திரையரங்குகளிலே காட்டினார்கள்: பதின்மூன்றாம் சுற்றிலே மார்சியானோ வெற்றி! படம் வெளிவருமுன் மார்சியானோ இறந்துவிட்டார். பொறி சொன்னால் அறிவியல் என்று மக்கள் மயங்கினர். சோதிடன் கட்டத்தைப் பார்த்துச் சொன்னால் மடமை, இரும்புப் பெட்டி சொன்னால் ஆராய்ச்சியா? உள்ளே போட்டது எதுவோ அதுதானே வெளியே வரும்!

எண் வழிபாட்டின் எல்லையைக் காண வேண்டுமாயின் இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 1978 முதல் பட்டம் காத்து வந்த லாரி ஹோம்ஸ், 48-0 என்ற கணக்கோடு 1985 செப்டம்பர் 21-இல் மைக்கேல் ஸ்பிங்க்சிடம் புள்ளிக் கணக்கிலே தோற்றார். மார்சியானோ தம் 49-ஆம் வெற்றியை மூரிடமிருந்து பெற்ற நாளின் முப்பதாம் ஆண்டு நிறைவு நாள் அது! ஸ்பிங்க்சும் மூரைப் போலவே அடுத்த கீழ்ப்பிரிவின் சாம்பியனாக இருந்து மேலே வந்தவர். ஹோம்ஸ் தோல்வியின் கசப்பிலே மார்சியானோவைப் பற்றி இழிசொல் ஒன்றை, அவருடைய உடன்பிறந்தவர் இருந்த அவையிலேயே உதிர்த்தார், பிறகு வருந்தினார். ஏழாண்டு ஆண்ட வீரர், ஓர் இரவிலே, ஓர் எண் கைதவறியதற்காக மதியிழந்தார். மற்றது 2017 ஆகஸ்ட் 26. கீழ்ப்பிரிவுகளின் வீரர் பிளாய்ட் மேவெதர் 50-0 ஆனார். 49 முறியடிக்கப்பட்டது என்று முழங்கினார்கள். ஐம்பதாவதாக எதிரே நின்றவர் கானர் மெக்கிரகர். கலப்புச் சண்டைக் கலையிலே பெயர் பெற்றவர். தொழில்முறைக் குத்துச்சண்டையிலே அதுவே அவருக்கு முதற்சண்டை! ஐம்பது நாற்பத்தொன்பதைவிடப் பெரிது என்று நண்பரிடம் நினைவூட்டினேன். "அது வேறு, தம்பி, எதிரி யார் என்று பார்க்க வேண்டாமா?" என்றார். அப்படியா அண்ணே! எதிரி யார் என்று பார்க்க வேண்டுமா!

பார்ப்போம். ஏன் அந்த நால்வரும் முதியவர்களாக வந்து நின்றார்கள்?

நூறு விழுக்காடு தேர்ச்சி என்று வாயிலிலே பலகை மாட்டுகிற பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பிலேயே மாற்றுச் சான்றிதழ் கையிலே கொடுத்து அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பெயர் அந்தப் பலகையிலே இருப்பதில்லை. பலகை பொய்யன்று, ஒவ்வொரு இலக்கமும் மெய். வெளியே நிற்கிற பிள்ளையை மட்டும் அது அறியாது. அமெரிக்கக் குத்துச்சண்டையின் பலகையும் அத்தகையது. 19-ஆம் நூற்றாண்டின் ஜான் எல். சல்லிவன், கருப்பரோடு மோதமாட்டேன் என்று வெளிப்படையாகவே அறிவித்தவர். 1908-இல் ஜாக் ஜான்சன் என்ற கருப்பின வீரர் ஆஸ்திரேலியா வரை துரத்திப் போய்ப் பட்டத்தைப் பறித்தார்; 1915-இல் அவர் தோற்றதும் கதவைச் சாத்தினார்கள். 1937-இல் லூயி உள்ளே வரும் வரை, 22 ஆண்டு, ஒரு கருப்பின வீரனுக்கும் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பு இல்லை. 1919 முதல் 1926 வரை சாம்பியனாக வலம் வந்த ஜாக் டெம்ப்சியின் காலம் முழுவதும், ஹாரி வில்ஸ் என்ற கருப்பின வீரர் வாயிலிலே காத்து நின்றார். ஒப்பந்தத்திலே கையெழுத்துக்கூட ஆயிற்று. சண்டை நடக்கவே இல்லை. மிகைப்படுத்தப்பட்ட கணக்கு எது என்று கேட்டால், நான் முதலிலே சுட்டுவது டெம்ப்சியின் கணக்கை. மார்சியானோவின் கணக்கை அல்ல. மார்சியானோ நிறம் பார்த்து எவரையும் ஒதுக்கவில்லை. அது அவருக்குப் பெருமை.

ஆனால் அவரிடம் வந்து சேர்ந்தவர்கள் வழியிலே எவ்வளவு காலம் நிறுத்தி வைக்கப்பட்டார்கள்! லூயியால் உச்சிக் கதவு திறந்ததே தவிர, கீழ்ப்படிகளிலே வல்லமைமிக்க கருப்பின வீரர்களைச் சாம்பியன்களின் மேலாளர்கள் தொடவே அஞ்சினார்கள். தோற்றால் பட்டம் போகும், வென்றாலும் வசூல் இராது என்பது அவர்கள் கணக்கு. எசார்ட் சார்ல்ஸ் 1946 முதல் 1948 வரை ஆர்ச்சி மூரை மூன்று முறை வென்றார். அவர்களுடைய பிரிவான லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கு மோத அவருக்கு ஒருமுறையும் வாய்ப்பு இல்லை. 1930-களிலே தொழிலில் இறங்கிய மூருக்கு அந்த வாய்ப்பு கிடைத்தது 1952 டிசம்பரில். அன்று சாம்பியனாக இருந்த ஜோயி மாக்சிமுக்கு இலட்சம் டாலர் உறுதி. வென்று பட்டம் பெற்ற மூருக்கு மிஞ்சியது 800 டாலர் என்று எழுதப்பட்டிருக்கிறது. வால்காட்டின் கதையிலே நிறத்தோடு வறுமையும் சேர்ந்துகொண்டது. 1930-இல் தொடங்கியவர், ஆறு பிள்ளைகளின் தந்தை, சோற்றுக்காக இடையிடையே கையுறையைக் கழற்றி வைத்துக் கூலி வேலைக்குப் போனவர். 1947 டிசம்பரில் லூயியை இருமுறை வீழ்த்தியும் நடுவர்கள் லூயிக்கே வெற்றி என்றார்கள். பட்டம் அவர் கைக்கு வந்தபோது 1951; வயது 37. அடுத்த ஆண்டே மார்சியானோவின் வலது கை காத்திருந்தது.

சார்ல்சும் மூரும் தங்கள் உச்சத்திலே இருந்து, தங்களுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் மோதிக்கொண்டிருந்த ஆண்டுகளில் மார்சியானோ எங்கே இருந்தார்? படைச் சேவை முடித்து, 1947-இல் பேஸ்பால் குழு ஒன்றிலே இடம் கேட்டுத் தேர்வுக்குப் போய், கை வீச்சுப் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டார். அது அவர் பிழையன்று. வயது வேறுபாட்டை யாராலும் மாற்ற இயலாது. ஆனால் அந்த மூவரும் 1940-களிலேயே தத்தம் பட்டங்களை அடைந்து, 1950-களின் நடுவிலே தாமாக ஓய்வு பெற்றிருந்தால், மார்சியானோ யாரை வென்று தம் தூண்களை நட்டிருப்பார்? அந்த ஏட்டின் ஒளியிலே ஒரு பகுதி, பிறருக்கு மறுக்கப்பட்ட காலத்திலிருந்து கசிந்த ஒளி. அதை அவர் திருடவில்லை. அவருக்கு முன்பே எவரோ திருடி வைத்திருந்தார்கள்.

"இதற்கெல்லாம் ஏட்டிலே இடம் ஏது, தம்பி?" என்றார் நண்பர். இடமில்லை என்பதைத்தானே அண்ணே நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

அவரிடம் ஒரு பெயரைச் சொன்னேன், அவர் கேள்விப்பட்டதில்லை. சார்லி பர்லி. 1917-இல் பிறந்தவர், பிட்ஸ்பர்க் நகரத்துக் கருப்பின இளைஞர். 1936-இல் இட்லரின் பெர்லினிலே ஒலிம்பிக் விளையாட்டு நடக்கவிருந்தபோது, அதற்கு எதிராக ஸ்பெயினின் பார்சலோனாவிலே தொழிலாளர் அமைப்புகள் கூட்டிய மக்கள் ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்கக் குழுவிலே அவர் ஒருவர். போய் இறங்கிய வேளையிலே அங்கே உள்நாட்டுப் போர் வெடித்தது, விளையாட்டு நடக்கவில்லை, திரும்பி வந்தார். பிரிட்சி சிவிக் என்பவரை இருமுறை வென்றார். அந்த சிவிக் 1940-இல் உலகச் சாம்பியன் ஆனார். பர்லிக்கு அழைப்பு வரவில்லை. 1942-இல் சார்ல்சிடம் இருமுறை தோற்றார், தம்மைவிட எடை மிகுந்தவரிடம். 1944 ஏப்ரலிலே ஆர்ச்சி மூரைப் பலமுறை தரையிலே வீழ்த்தி வென்றார். தாம் சந்தித்தவர்களிலேயே தலைசிறந்தவர் பர்லி என்று மூர் பிற்காலத்திலே சொன்னார். மார்சியானோவின் குத்தையும், இளம் முகமது அலியின் குத்தையும் வாங்கிய மூர் சொன்னார். பர்லிக்கு உலகப் பட்டத்துக்கான சண்டை ஒன்றுகூட வாய்க்கவில்லை. 1950-இலே கையுறையைக் கழற்றினார். பிட்ஸ்பர்க் நகராட்சியிலே குப்பை அள்ளும் வேலையிலே சேர்ந்தார். ஓய்வு பெறும் வயது வரை அதைச் செய்தார். 1992-இல் குத்துச்சண்டைப் புகழ் மன்றத்திலே அவர் பெயரைப் பொறித்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் இறந்தார்.